வண்டியில் கேஸ் அடுப்பு

காசிக்கும் பத்ரிநாத்துக்கும் யாத்திரை பஸ்கள் போகின்றன. அரிசி, பருப்பு, பாத்திரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் பஸ்ஸிலேயே போகும். சமையல்காரரும் கூடப் போவார். வழியில் நிறுத்திச் சமைப்பார்கள்.

நெடுந்தூரம் போகும் லாரி ஓட்டுநர்களில் சிலர் சின்னச் சிலிண்டர் வைத்து ரொட்டி சுட்டுக்கொள்கிறார்கள். நகரங்களில் வேனிலேயே டிபன் கடை நடக்கிறது. படுக்கையும் சமையலறையும் சேர்ந்த வண்டிகளும் வந்துவிட்டன. இவற்றைக் கேரவன் என்கிறார்கள். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த வண்டிகளில் எல்லாம் கேஸ் இருக்கிறது. ஆட்களும் இருக்கிறார்கள். சிலர் வண்டியிலேயே தூங்குகிறார்கள். அதனால் வீட்டில் இருப்பதைவிட வண்டியில் கூடுதல் கவனம் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மதுரையில் நடந்தது

உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலிருந்து ஒரு யாத்திரைக் குழு தென்னாட்டுக்கு வந்தது. அவர்கள் தனி ரயில் பெட்டி ஒன்றில் வந்தார்கள். அந்தப் பெட்டி மதுரையில் ரயிலிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில் பெட்டி தீப்பிடித்தது. 9 பேர் இறந்து போனார்கள்.

பெட்டிக்குள் கேஸ் சிலிண்டரை மறைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். அதனால்தான் தீப்பிடித்தது என்று ரயில்வே கூறியது.

ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டு போவது குற்றம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 1,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நஷ்டத்துக்கும் அவரே பொறுப்பு.

ஆனால் தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. கேஸின் குணம் தெரிந்தால் யாரும் அதை மூடிய பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள்.

கேஸின் குணம் என்ன?

சமையல் கேஸில் பியூட்டேன், புரொப்பேன் என்ற இரண்டு வாயுக்கள் கலந்திருக்கின்றன. சிலிண்டருக்குள் இவை அழுத்தத்தினால் திரவமாக இருக்கின்றன. சிலிண்டரை அசைத்தால் உள்ளே தண்ணீர் போலத் தளும்புவது தெரியும்.

திரவம் வெளியே வந்தால் வாயுவாக மாறும். அப்போது சுமார் 250 மடங்கு பெருகும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் வாயு ஆகும். சின்ன ஒழுகலும் பெரிய ஆபத்தாவது இதனால்தான்.

இன்னொரு குணம் மிக முக்கியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது. கீழே இறங்கும். மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்குவது போலத் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது.

காற்றின் 100 பங்கில் 2 பங்கு கேஸ் கலந்தாலே போதும். ஒரு சின்னப் பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. ஒழுகினால் தெரிய வேண்டும் என்பதற்காக நாற்றம் வீசும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் மூக்கை மட்டும் நம்பக்கூடாது. சளி பிடித்தவருக்கு வாசனை தெரியாது. தூங்குகிறவருக்கும் தெரியாமல் போகலாம். அதிக நேரம் அங்கேயே இருந்தால் மூக்கு பழகிவிடும்.

வண்டியில் ஏன் ஆபத்து அதிகம்?

முதல் காரணம், வண்டி ஒரு மூடிய பெட்டி. ஒழுகிய கேஸ் சீட்டுக்கு அடியில் தேங்கும். வெளியே போக வழி இருக்காது.

இரண்டாவது காரணம், வண்டி குலுங்கும். குலுங்கக் குலுங்க இணைப்புகள் தளரும். ரப்பர் டியூப் தகரத்தில் உரசித் தேயும். நேற்று சரியாக இருந்த இணைப்பு இன்று ஒழுகலாம்.

மூன்றாவது காரணம், வண்டியில் பொறி வரும் இடங்கள் பல உண்டு. பாட்டரி, விளக்கு ஸ்விட்ச், மின்விசிறி, என்ஜின் சாவி ஆகியவற்றில் பொறி வரலாம். பீடி, சாமி விளக்கு, ஊதுவத்தியும் போதும்.

நான்காவது காரணம், வாசல் குறைவு. தீப்பிடித்தால் எல்லாரும் ஒரே வழியில் இறங்க வேண்டும்.

சிலிண்டரை எங்கே வைப்பது?

ஆட்கள் உட்காரும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் சிலிண்டர் வைக்கக்கூடாது. இதுதான் முதல் விதி.

கேரவன் போன்ற வண்டிகளில் சிலிண்டருக்குத் தனி அறை இருக்க வேண்டும். அதன் கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உட்பக்கம் இடைவெளி இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். அந்த அறையின் தரையில் காற்றுத் துளைகள் வேண்டும். கேஸ் ஒழுகினால் அந்தத் துளை வழியாகக் கீழே போய்விடும். சாமான் வைத்தோ துணி வைத்தோ அந்தத் துளையை அடைக்கக்கூடாது.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வந்துவிடும். அடுப்பில் தீ பெரிதாக எழும்பும். வண்டி குலுங்கும்போது சாயாதபடி சிலிண்டரைப் பட்டை போட்டு இறுகக் கட்ட வேண்டும்.

வண்டி ஓடும்போது அடுப்பு எரியக்கூடாது. சிலிண்டரை மூடிவிட வேண்டும். யாத்திரை பஸ் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட வேண்டும். நூலோடு தொங்கும் அந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியக்கூடாது.

சமையலை பஸ்ஸுக்குள் செய்யக்கூடாது. வெளியே இறக்கி, காற்றோட்டமான இடத்தில் சமைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்குக்கு அருகில் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும்.

1. அடுப்பின் திருகுகளை எல்லாம் மூடுங்கள். அருகில் நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது.

2. ரெகுலேட்டரைத் திறந்து வையுங்கள். இப்போது கேஸ் டியூப் வரை வந்து நிற்கும்.

3. சோப்பைத் தண்ணீரில் கரைத்து நுரை வரச் செய்யுங்கள்.

4. சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், டியூப், இணைப்புகள் எல்லாவற்றிலும் நுரையைத் தடவுங்கள்.

5. கவனித்துப் பாருங்கள். குமிழி எழும்பிப் பெரிதானால் அங்கே கேஸ் ஒழுகுகிறது. உடனே ரெகுலேட்டரை மூடுங்கள்.

தீக்குச்சி கிழித்து ஒழுகலைத் தேடுகிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. ஒருபோதும் செய்யக்கூடாது.

புது சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மோசமான சாலையில் போய் வந்த பிறகும் செய்ய வேண்டும். கேரவனில் கேஸ் எச்சரிக்கைக் கருவி பொருத்துவது நல்லது. அதைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். கேஸ் முதலில் தரைக்குத்தானே வரும்!

எதை நாமே சரி செய்யலாம்?

பர்னரை நாமே சுத்தம் செய்யலாம். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம். அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றிக் கழுவிக் காய வைத்துப் பொருத்தலாம்.

டியூபை நாமே பார்த்துக்கொள்ளலாம். வெடிப்பு, தேய்மானம், எலிக்கடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூப்தான் வாங்க வேண்டும். 5 ஆண்டு ஆனால் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். பழைய டியூபில் துணி சுற்றுவதும், இரண்டு துண்டுகளை ஒட்டுப் போடுவதும் தவறு.

மற்றவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். அதைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவதுதான் ரெகுலேட்டரின் வேலை. அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. கெட்டுப் போனால் மாற்றத்தான் வேண்டும். சிலிண்டர் வாயில் உள்ள வாஷர் கெட்டிருந்தால் கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். வண்டிக்குள் ஓடும் குழாய்களையும் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு கேஸ் மாற்றித் தரும் கடைகள் சில சாலையோரங்களில் இருக்கின்றன. இது சட்டத்துக்கு விரோதம். அளவு மீறி நிரப்பினால் சிலிண்டர் வெடிக்கும். எண்ணெய்க் கம்பெனிகளே 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. அதையே வாங்க வேண்டும். வியாபார வண்டியில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வைப்பதும் குற்றம். வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனியாக உண்டு.

மலைக்குப் போகிறவர்களுக்கு

பத்ரிநாத் போன்ற மலை ஊர்களில் குளிர் அதிகம். பியூட்டேன் 0 டிகிரி குளிரில் வாயுவாக மாறாது. அதனால் சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு சரியாக எரியாது. சிலர் சிலிண்டருக்கு அடியில் நெருப்பு மூட்டுகிறார்கள். இது மிகப் பெரிய ஆபத்து. சிலிண்டரை வெயில் படும் இடத்தில் சிறிது நேரம் வைத்தால் போதும்.

குளிருக்காக வண்டியை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பை எரிய விடுகிறவர்களும் உண்டு. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி வரும். தலை சுற்றும். தூக்கம் வரும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். குளிருக்குக் கம்பளிதான் துணை, அடுப்பு அல்ல.

கேஸ் வாசனை வந்தால்

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். நின்றிருக்கும் வண்டி என்றால் சாவியைத் தொடக்கூடாது.

எரியும் நெருப்பு எதுவானாலும் அணைக்க வேண்டும். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறக்க வேண்டும். ஆட்களை இறக்கித் தூரத்தில் நிறுத்த வேண்டும். குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் இறக்க வேண்டும்.

எட்டும் இடத்தில் இருந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும்.

தூரமாகப் போன பிறகு போன் செய்ய வேண்டும். கேஸ் ஒழுகலுக்கு 1906 என்ற எண் இருக்கிறது. இரவும் பகலும் பேசலாம். தீப்பிடித்தால் 101 அல்லது 112. பெட்டி, பை என்று எடுக்க யாரும் திரும்பிப் போகக்கூடாது.

சிலிண்டரையும் படியுங்கள்

இரும்புச் சிலிண்டரின் மேல்பக்கத்தில் கைப்பிடி வளையம் இருக்கிறது. அதைத் தாங்கி மூன்று பட்டைகள் நிற்கின்றன. ஒரு பட்டையின் உட்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். அந்தச் சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது.

ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை.
பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை.
சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை.
டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

எண்கள் ஆண்டைக் குறிக்கும். சி-29 என்றிருந்தால் 2029-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் சோதனைக்குப் போக வேண்டும். காலம் கடந்த சிலிண்டரை வாங்க வேண்டாம். "இது வேண்டாம், வேறு கொடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

படிக்கத் தெரியாதபோது கொடுத்த சிலிண்டரை வாங்கிக்கொண்டோம். இப்போது அந்த மூன்று எழுத்தையும் நாமே படிக்கலாம். யாத்திரை புறப்படும் முன்பு ஒரு நிமிடம் குனிந்து படித்துவிட்டால் பஸ்ஸில் வரும் அத்தனை பேருக்கும் நல்லது.

கலந்து பேசுங்கள்

1. கேஸ் ஒழுகினால் மேலே போகுமா, கீழே இறங்குமா?
2. உங்கள் ஊரிலிருந்து யாத்திரை போகும் பஸ்ஸில் சிலிண்டரை எங்கே வைக்கிறார்கள்? அது சரியா?
3. உங்கள் வீட்டுச் சிலிண்டரில் என்ன எழுத்து, என்ன எண் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.
4. 1906 என்ற எண் எதற்கு? அதை உங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.