மட்டை பிடித்த கரமும் மன்றில் ஒலித்த குரலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதம் மஹய்யாவ வழியாகத்தான் போகிறது. மாத்தளையோ ஹொக்கி ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். வளைந்த மட்டையைத் தோளிற் சாத்தியபடி வண்டியேறும் மாணவரைக் காணுந்தோறும் நம் நினைவுக்கு வருபவர் ஒருவர் உண்டு. அவர் இலங்கையருமல்லர், தமிழருமல்லர். ஆயினும், மஹய்யாவக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பது நமது அவா. காரணம் போகப்போகப் புலப்படும்.

விளையாட்டு வீரர் அரசியலிற் புகுவது உலகுக்குப் புதிதன்று. நம் உற்றார் பலர் குடியேறியுள்ள கனடாவிலே பனிக்கட்டித் தரையில் சறுக்கியாடும் ஹொக்கி என்றால் மக்களுக்கு உயிர். அங்கே ரெட் கெலி என்னும் வீரர் 1962 முதல் 1965 வரை டொரன்டோப் பகுதித் தொகுதியொன்றின் பாராளுமன்ற அங்கத்தவராக இருந்துகொண்டே, டொரன்டோக் குழுவுக்காக ஆடியும் வந்தார். ஒரு மனிதருக்கு இரண்டு களங்கள்! நாம் சொல்ல வந்தவரோ புற்றரையில் ஆடியவர். அவர் பெயர் ஜெய்பால் சிங்.

இந்தியாவின் சோட்டா நாக்பூர் மலைப்பிரதேசத்தில், ராஞ்சியை அடுத்த குந்திப் பகுதியில், 1903இல் முண்டா என்னும் பழங்குடியிற் பிறந்தவர் அவர். ராஞ்சியில் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையொன்றிற் கற்றார். அவரது கூர்மையைக் கண்ட தலைமையாசிரியர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஒக்ஸ்போர்டில் பொருளியல் பயின்ற அவர், பல்கலைக்கழக ஹொக்கிக் குழுவிலும் இடம்பெற்றார். பின்னர் ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்கும் தெரிவானார். அக்காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் சாமானியமா? கலெக்டர் பதவியும் பங்களாவும் காத்திருந்தன.

அவ்வேளையில்தான் 1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டி வந்தது. ஹொக்கியில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் களம் புகுந்த ஆண்டு அது. குழுவுக்குத் தலைமை தாங்கும்படி ஜெய்பாலைக் கேட்டனர். அவர் மேலிடத்தில் லீவு கேட்டார், கிடைக்கவில்லை. பயிற்சியிலிருப்பவன் பந்தின் பின்னே ஓடலாகாது என்பது மேலிடத்தின் எண்ணம் போலும். லீவின்றியே போய் ஆடினார். அந்தப் போட்டியில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. ஒரு கோல்தானும் வாங்கவில்லை. 29இல் 14 தியான் சந்த் அடித்தவை. இறுதியாட்டத்தில் ஒல்லாந்தரை 3–0 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. ஆனால் அந்த இறுதியாட்டத்தில் தலைவர் இல்லை. அதற்கு முன்பே குழுவை விட்டு நீங்கிவிட்டார். குழுவுக்குள் மனஸ்தாபம் என்பர் சிலர். வேறு கூறுவோரும் உண்டு.

லண்டன் திரும்பியவரிடம், இன்னுமோர் ஆண்டு பயிற்சியைத் தொடரவேண்டும் என்றனர். அவர் ஐ.சி.எஸ். பதவியையே துறந்தார். பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்காதா என ஏங்கும் பெற்றோர் நம்மிடை எத்தனை பேர்! அவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும்.

பின்னர் எண்ணெய்க் கம்பனியொன்றில் வேலை. ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் ஆசிரியத் தொழில். இந்தியாவில் ராஜகுமாரர் கல்லூரியொன்றிலும் பணி. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ராஞ்சிக்குத் திரும்பி வந்தபோது அவர் கண்டது வேறு உலகம். அவருடைய மக்கள் காட்டுரிமையை இழந்து, நிலத்தை வட்டிக்காரரிடம் பறிகொடுத்து நின்றனர். பஞ்சம் பிழைக்க வழியின்றித் தலைமுறை தலைமுறையாக அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போயினர். அவர்களை ஆசைகாட்டி அழைத்துச் சென்ற தரகருக்கு அங்கே ‘அர்க்காட்டி’ என்று பெயர். நம் பாட்டன்மாருக்குக் கங்காணி எப்படியோ, அவர்களுக்கு அர்க்காட்டி அப்படி. அங்கும் லயம், அங்கும் துரைமார், கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு அங்கும் அதே காய்ப்பு.

1939இல் அவர் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். ‘மராங் கோம்கே’, அதாவது பெருந்தலைவர், என்று மக்கள் அவரை அழைத்தனர். 1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கே அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. தம்மைக் காட்டான் என்று அழைத்தாலும் அதனைப் பெருமையாகவே கொள்வதாகச் சொன்னார். பழங்குடியினருக்கு ஜனநாயகம் கற்பிக்க எவரும் வரவேண்டாம். அதனை அவர்களிடமிருந்துதான் மற்றவர் கற்கவேண்டும் என்றார். மதுவிலக்குப் பற்றிய விவாதம் வந்தபோதும் அவர் தயங்கவில்லை. சோற்றை நொதிக்கவைத்து வடிக்கும் பானம் தம் மக்களின் வழிபாட்டோடு இணைந்தது என்று, காந்தியடிகளின் சீடர் நிறைந்த சபையிலேயே எழுந்து வாதாடினார். அக்கருத்தில் நாம் அவருடன் முற்றாக உடன்படுவோமல்லோம். மஹய்யாவத் தாய்மாரும் உடன்படார். துணிவை மட்டும் மெச்சுவோம்.

‘ஆதிவாசி’ என்ற பெயரே அரசியல் சட்டத்தில் வரவேண்டும் என்று வாதாடினார், அது கைகூடவில்லை. எனினும் அட்டவணைப் பழங்குடியினருக்குச் சட்டமன்றங்களில் ஒதுக்கிய இடங்கள் சட்டத்தில் நிலைபெற்றன. இதே காலத்தில் இங்கு நடந்ததை நாம் மறந்தோமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அங்கே ஒரு மக்கள் சட்டப் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருக்க, இங்கே ஒரு மக்கள் அதிலிருந்து இறக்கப்பட்டனர்.

1952 தேர்தலில் அவரது ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டசபையில் 30க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. ஆனால் தனி மாநிலக் கோரிக்கையை, 1955இல் அறிக்கை சமர்ப்பித்த மாநில மறுசீரமைப்பு ஆணைக்குழு ஏற்கவில்லை. 1963இல் அவர் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். ஐ.சி.எஸ். பதவியையே உதறியவர் கட்சியைக் கரைத்துவிட்டாரே எனப் பலர் மனம் நொந்தனர். நமக்கும் அது சறுக்கலாகவே தோன்றுகிறது. 1970 மார்ச்சில், பாராளுமன்ற அங்கத்தவராக இருக்கும்போதே காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 15இல் ஜார்க்கண்ட் மாநிலம் உதயமாயிற்று.

பழங்குடி மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி கற்பதற்கென அம்மாநில அரசு 2021இல் தொடங்கிய புலமைப்பரிசில் அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் பிறந்த குந்தி மண்ணிலிருந்து நிக்கி பிரதான் என்னும் பெண் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடினார். ஆனால் தேயிலைக்காகக் குந்தியையும் ராஞ்சியையும் விட்டு அஸ்ஸாம் போனவர்களின் கதை வேறு. ஜார்க்கண்ட் பிறந்த அந்நாளிலும் அஸ்ஸாம் மாநிலப் பழங்குடியினர் அட்டவணையில் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இடமில்லை. ராஞ்சியில் முண்டா என்று எழுதப்பட்ட அதே குடும்பம், அஸ்ஸாமில் தோட்டத் தொழிலாளி என்றே எழுதப்பட்டு வந்தது.