மழலை வளரப் பெற்றோர் செய்யத்தக்கவை

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் குழந்தைகள் வேலைக்கு நடுவிலேயே வளர்கின்றன. "பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் ஏதுங்க?" என்று, சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நம்மிடம் உறுப்பினர் பலர் வினவுவதுண்டு. இதற்கெனத் தனி நேரம் வேண்டியதில்லை. செய்யும் வேலையையே பேச்சாக்கினால் போதும்.

குழந்தை பேசுவதற்கு நெடுநாள் முன்பே கேட்கத் தொடங்குகிறது. கருவில் இருக்கும்போதே தாயின் குரல் அதன் செவிக்கு எட்டுகிறது. ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் 'பபபா', 'மமமா' என ஒலிகளை அடுக்குகிறது. ஓராண்டு நிறைவையொட்டி முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயதில் 'அப்பா வா', 'பால் வேணும்' என இரு சொற்களை இணைக்கிறது.

பாவும் ஊடையும் சேர்ந்தாலன்றித் துணி உருவாகாது. பேச்சும் இருவர் கூடி நெய்வதே. குழந்தை ஓர் ஒலி எழுப்பினால், அதன் முகம் நோக்கி மறுமொழி கூறுக. பின்னர்ச் சற்றுப் பொறுத்து, அதற்கும் முறை தருக. அது 'நூல்' என்றால், 'ஆமாம், சிவப்பு நூல். அம்மா தார் சுற்றுகிறேன்' என்று நீட்டிச் சொல்லுக. கீரை பறிக்கும்போது இலை, தண்டு, வேர் எனக் காட்டிப் பெயர் கூறுக. பிழையாகச் சொன்னால் நகையாடலாகாது. சரியான சொல்லை நாமே திருப்பிச் சொன்னால் போதும். தறியோசையில் சொற்கள் குழந்தைக்குத் தெளிவாகக் கேளா. ஆதலால் இழை அறுந்து தறி நிற்கும் வேளையையும் பேச்சுக்குப் பயன்படுத்துக.

அழும் குழந்தையிடம் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்துவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் அம்மையார் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குக் கருதத்தக்கது. ஒன்பது மாதக் குழந்தைகளுள் சிலருக்குச் சீன மொழியை நேரில் பேசிக் காட்டினர். வேறு சிலருக்குப் படக்காட்சியில் காட்டினர். நேரில் கேட்ட குழந்தைகளே அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது.

சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட நெசவாளர் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் தத்தம் மொழியிலேயே தயங்காது பேசுக. இரு மொழிகளைக் கேட்பது குழந்தையின் பேச்சுக்கு ஊறு செய்வதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடலாகாது. ஓசை கேட்டுத் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் கூறாத குழந்தை, வந்த பேச்சை இழந்த குழந்தை ஆகியோரைக் குறித்து, 'இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று ஆறுதல் கொண்டு காத்திருத்தல் தீது. செவிக்குறை காரணமாயிருக்கலாம். அதை இளமையிலேயே கண்டறிந்தால் பேச்சு வளரும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுகள் கழிந்தால் அது குறைகிறது. ஆகவே அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ் செவிக்குறைக்கான பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது.

நூல் பெறவும் கூலி பெறவும் சங்கத்தில் கூடும் நாள்களில் உறுப்பினர்கள் இச்செய்தியை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பார்களாக.