கண்ணுக்குப் புலனாகாப் பாதை

தமிழகத்தை விட்டு வந்து இமயச் சாரலில் வாழும் அன்பர்கள், மென்மயிர் அடர்ந்த பருத்த தேனீ ஒன்றை மலர்களிடையே கண்டிருப்பர். நம் ஊர்களில் உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டு வேறு, இது வேறு. குளிர்நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இதனைப் பம்பிள் தேனீ என்பர். இங்கிலாந்துத் தோட்டங்களில் வாழும் இதன் உறவினம் ஒன்றின் காதல் வாழ்வு, அறிஞர் டார்வினையே வியப்பில் ஆழ்த்தியது.

1854ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கென்ட் பகுதியிலிருந்த தம் இல்லத்தருகே, ஒரு மரத்தின் அடியை ஆண் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுற்றுவதை அவர் கண்டார். ஒவ்வொன்றும் சில நொடிகள் ரீங்காரமிட்டு, அடுத்த இடத்தை நாடிச் சென்றது. டார்வின் தம் குழந்தைகள் ஐவர் அறுவரை அவ்விடங்களில் நிறுத்தி, தேனீ வந்ததும் குரல் கொடுக்கச் செய்தார். இவ்வாறு அவற்றின் வழி புலனாயிற்று. ஆண்டுகள் மாறினும் இடங்கள் மாறவில்லை. ஆனால், முந்தைய ஆண்டின் ஆண்களில் ஒன்றேனும் உயிரோடில்லை! இந்தப் புதிர் அவருக்கு விளங்கவில்லை.

அந்த இடங்களின் சிறப்பு மணமே என்பதைப் பிற்கால அறிஞர்கள் கண்டனர். ஆண் தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து ஊறும் மணப்பொருளை இலைகளிலும் பட்டைகளிலும் தடவிச் செல்கிறது. ஒவ்வோர் இனத்திற்கும் தனி மணம் உண்டு. பறக்கும் உயரமும் வேறுபடும். இத்தோட்ட இனம் தரையை ஒட்டிப் பறக்கிறது. வேறு சில, மர உச்சியை நாடுகின்றன. இளம் அரசி, தன் இனத்திற்குரிய மணத்தை நாடி வருகிறாள்.

கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கும் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. கூட்டை விட்டு வெளியேறியபின் அது பொதுவாகத் திரும்புவதும் இல்லை. இலையுதிர் காலம் முடிவதற்குள் ஆண்களும், உழைப்பாளித் தேனீக்களும், முதிய அரசியும் மடிகின்றனர். கருவுற்ற இளம் அரசி மட்டும் மண்ணுள் புகுந்து, ஆண் தந்த உயிரணுக்களை உடலில் காத்துக் குளிர்காலம் முழுதும் துயில்கிறாள். வசந்தத்தில் எழுந்து, தானே கூடமைத்து, முட்டைகளைத் தன் உடற்சூட்டால் அடைகாத்துப் புதிய குடியைத் தொடங்குகிறாள்.

ஆதலின் இளவேனில் தொடக்கத்தில், மலைப்பகுதியில் தனித்துப் பறக்கும் பெரிய பம்பிள் தேனீயைக் கண்டால், அஞ்சி அடித்துவிட வேண்டா. அந்த ஓர் உயிருள் ஒரு குடியே அடங்கியிருக்கலாம்.