அழட்டும் பிள்ளைகள்!
பள்ளித் தோழனின் சாவைச் சொன்ன தொலைக்காட்சி நாடகம்

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் பக்கம் பெரிய படப்பிடிப்பு நிலையம் இருக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அங்கே தயாராகின்றன. ஆவடி, அம்பத்தூர் வீடுகளில் மாலையானால் பெரியவர்களோடு பிள்ளைகளும் தொலைக்காட்சி முன் உட்காருகிறார்கள்.

நாடகத்தில் ஒரு மாணவன் இறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"அம்மா, அவன் நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவானா?" என்று பிள்ளை கேட்கும்.

தாய் என்ன சொல்வாள்? "பேசாமல் படு" என்று வாயை அடைப்பதா? அமெரிக்க நாடகம் ஒன்று இதற்கு நல்ல வழி காட்டியது.

நிஜமாக வந்த சாவு

நாடகத்தின் பெயர் "க்ளீ". பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவின் கதை. 2009 முதல் 2015 வரை ஒளிபரப்பாயிற்று. அதில் ஃபின் என்ற மாணவனாக நடித்தவர் கோரி மான்டித். 2013 ஜூலை 13-ந் தேதி அவர் இறந்துபோனார். வயது 31. போதை மருந்தும் மதுவும் அவருக்கு எமனாயின.

ஃபின் வெளியூர் போய்விட்டான் என்று கதையை மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஃபின்னும் இறந்துவிட்டான் என்றே அக்டோபர் 10-ந் தேதி காட்டினார்கள். எப்படி இறந்தான் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் பட்ட வேதனையையே காட்டினார்கள்.

வாத்தியாரின் கண்ணீர்

ஆசிரியர் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். அவர் மட்டும் அழவில்லை. ஃபின் அணிந்த மேல்சட்டை திடீரென்று காணாமற்போயிற்று. எடுத்தவர் யார்? அந்த ஆசிரியரேதான்! கடைசியில் அந்தச் சட்டையில் முகம் புதைத்து, விம்மி விம்மி அழுதார்.

ஃபின்னின் காதலியாக நடித்த லியா மிஷல், வாழ்க்கையிலும் கோரியின் காதலி. அவர் அழுதபடி பாடிய காட்சி, பார்த்தவர் நெஞ்சை உருக்கியது.

கும்பகோணத்தில்...

அது நாடகம். நம் தமிழ்நாடு நிஜத்திலேயே பெருந்துயரம் கண்டது. 2004 ஜூலை 16-ந் தேதி, கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. சமையல் கூடத்தில் கிளம்பிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள்.

பெற்றவர்கள் மறக்கவில்லை. ஜூலை 16 வந்தால் பிள்ளையின் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அது ஆசையாகத் தின்ற பண்டத்தைப் படைக்கிறார்கள். பாலக்கரை நினைவு மண்டபத்தில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

என்ன சொல்லலாம்?

பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும். கூடப் படித்தவன் இறந்தால் "தூங்குகிறான்" என்று சொல்லாதீர்கள். பிறகு குழந்தை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறான்" என்றால் தினமும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.

"இறந்துவிட்டான். இனி வரமாட்டான். எங்களுக்கும் துக்கம்தான்" என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். தோழனின் படத்தை வரைந்தால் வரையட்டும். அவன் பேரைச் சொன்னால் தடுக்காதீர்கள்.

வகுப்பிலே அவன் இடம் காலியாகத்தான் இருக்கும். பிள்ளையின் மனதில் அவனுக்கு இடம் இருக்கட்டும்.