பரணில் லேப்டாப், பையில் லினக்ஸ்!

கீரமங்கலம் பூவுக்குப் பேர் போன ஊர். காலையில் மார்க்கெட் பக்கம் போனால் மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமுமாக ஆளையே தூக்கும். அதே ஊரில் பல வீட்டுப் பரணில் மணக்காத ஒரு சாமானும் கிடக்கிறது. சர்க்கார் கொடுத்த இலவச லேப்டாப்!

2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். லட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்கினார்கள். ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு இன்னொருவரும் ஒண்டுக்குடித்தனம் இருந்தார். பெயர் 'பாஸ்'. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் தயாரித்தது. பெயர்தான் பாஸ், அவரைச் சீண்ட ஆளில்லை. எல்லோரும் விண்டோஸுக்கே போய்விட்டார்கள். அதுதானே பழக்கம்!

அந்த லேப்டாப்களுக்கு இப்போது வயசாகிவிட்டது. முதலில் பேட்டரி போகும். அப்புறம் ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்' என்று இழுத்துக்கொண்டு கிடந்து ஒருநாள் கண்ணை மூடும். உடனே பரண். ஆனால் ஸ்க்ரீன், கீபோர்டு, பிராசஸர் எல்லாம் பெரும்பாலும் கல்லுக்குண்டாக இருக்கும். நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், தேய்மானம் முழுக்க எழுதி முடித்த சொத்து. கணக்கில் பூஜ்யம், கையில் உருப்படி!

2018 நவம்பர் கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்குவதென்றால் சும்மாவா? முகூர்த்த நாளில் ஒரு கிலோ மல்லிகை விற்கிற விலைக்குள் ஒரு பென் டிரைவ் வந்துவிடும். செத்த ஹார்ட் டிஸ்க் செய்த வேலையை அதன் தலையில் கட்டிவிடலாம்.

"அண்ணே, பென் டிரைவ்ல பாட்டுதானே ஏத்துவாங்க?" என்றாள் எங்கள் தெருவில் காலேஜ் படிக்கும் பெண். அவள் அம்மா பூக் கட்டுகிறவர். பாட்டும் ஏற்றலாம், தாயி. முழு லினக்ஸையும் ஏற்றலாம்!

இதில் இரண்டு ரகம். 'லைவ்' என்பது லாட்ஜ் ரூம் மாதிரி. தங்கலாம், ஆணி அடிக்க முடியாது. அணைத்தால் நாம் செய்த மாற்றம் எல்லாம் போச்சு. மாற்றத்தைத் தனியாகச் சேமிக்க வழி உண்டுதான், அதுவும் அரைகுறைக் குடித்தனமே. முழு இன்ஸ்டலேஷன் என்பது சொந்த வீடு. புது சாஃப்ட்வேர் போடலாம், அப்டேட் பண்ணலாம், தமிழ்99 கீபோர்டு வைத்துக்கொள்ளலாம். எல்லாம் அப்படியே நிற்கும்.

இரண்டு பென் டிரைவ் வேண்டும். ஒன்று கல்யாணத் தரகர். 8 ஜிபி போதும், வேலை முடிந்தால் ஒதுங்கிவிடுவார். இன்னொன்றுதான் மாப்பிள்ளை. 32 ஜிபிக்குக் குறையாமல், நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஓடுகிற ஏதாவது கம்ப்யூட்டரில் டெபியனையோ மின்ட்டையோ டவுன்லோடு செய்து, ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேரால் தரகர்மேல் எழுத வேண்டும். பிறகு லேப்டாப்பில் இரண்டையும் செருகி, தரகரிலிருந்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும்போது மாப்பிள்ளையைக் காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால் அந்த டிஸ்க்கில் இருந்த போட்டோவெல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். பெயரைப் பார்க்காதீர்கள், எத்தனை ஜிபி என்று பாருங்கள்.

பெரிய வில்லங்கம் 'க்ரப்'பில் இருக்கிறது. சிஸ்டத்துக்குக் கதவு திறந்துவிடுகிற வாட்ச்மேன் அது. பென் டிரைவில்தான் உட்கார வேண்டும். புது ரக கம்ப்யூட்டர்களில் சில இன்ஸ்டாலர்கள், நாம் எதைச் சொன்னாலும் வாட்ச்மேனை உள்ளே இருக்கும் டிஸ்க்கிலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் இதில் பேர் வாங்கியது. அப்புறம் பென் டிரைவை உருவினால், அந்த மெஷினில் விண்டோஸ் வராமல் கறுப்புத் திரையில் 'க்ரப்' என்று மட்டும் நிற்கும். மெஷின் நெட் சென்டர்காரருடையது என்றால் கேட்கவே வேண்டாம்!

அதனால் இரவல் கம்ப்யூட்டரில் இந்த வேலையே கூடாது. பரணில் கிடக்கும் லேப்டாப்பில் செய்யுங்கள். நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றிச் செத்த டிஸ்க்கை எடுத்துவிட்டால், வாட்ச்மேனுக்கு உட்கார வேறு திண்ணையே கிடையாது. ஒன்று, இப்படிப் பழைய மெஷினில் போட்டது புது மெஷினில் கிளம்பாமல் மக்கர் பண்ணலாம். இரண்டும் விழிக்கும் விதம் வேறு.

வேகம்? கொஞ்சம் மட்டம்தான். ஆன் பண்ணிவிட்டு ஒரு டீ சொல்லலாம். 2 ஜிபி ராம் லேப்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி எடை குறைந்த டெஸ்க்டாப்பே போதும். பிரவுசரில் இருபது ஜன்னல் திறந்தால் மூச்சு வாங்கும். எழுதி எழுதி அழித்தால் பென் டிரைவ் தேயும் என்பதால் ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டாம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டிவிடுவது இன்னும் உத்தமம்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட சேதி: டாலி விண்டோஸுக்கென்றே செய்தது, லினக்ஸில் நேராக ஓடாது. எக்ஸெல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போட, ஆன்லைனில் பாடம் கேட்க இது தாராளம்.

பூ மார்க்கெட் கூட்டத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள். முழு வீடும் அதற்குள் இருக்கிறது. முக்கியமான ஃபைல்களுக்கு வேறொரு இடத்தில் நகல் வையுங்கள். வேலை முடிந்து காலியாக நிற்கிறாரே தரகர், அவரையே கூப்பிடலாம்!