பூங்கா இடம் யாருடையது?



ஒரு குழுக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரம். ஒரு உறுப்பினர் கேட்டார்: "மேடம், எங்க ஊரு பிளாட்டுல பூங்கான்னு விட்டிருந்த இடத்துல இப்ப கல்லு ஊன்றாங்க. பிளாட் விக்கும்போது படத்துல பச்சைக் கலர்ல காட்டுனாங்க. இப்ப கேட்டா, பஞ்சாயத்துல பேசி முடிச்சாச்சுங்கறாங்க." பக்கத்தில் இருந்தவர், "நமக்கெதுக்குப் பொல்லாப்பு" என்றார். நாங்களும் சேமிப்புக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். அது தப்பு என்று பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து தர வேண்டும். இந்த விதி செல்லும் என்று சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023-ல் உறுதி செய்தது.

பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் விளையாடவும் நல்ல காற்று வாங்கவும் விட்ட இடத்தைத் தனியாருக்குத் தர முடியாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

குளம், மந்தை, களம் போன்ற கிராமப் பொது நிலங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. பஞ்சாபில் ஒரு ஊர்க் குளத்தை மூடி வீடு கட்டிய வழக்கில், 2011 ஜனவரியில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் இதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆக, தலைவரோ செயலரோ நாலு பேரை வைத்துப் "பேசி முடிக்க" இது அவர்கள் வீட்டுச் சொத்து இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் பேப்பரைப் பாருங்கள். டிடிசிபி ஒப்புதல் பெற்ற மனை வரைபடம், தானப் பத்திரம், அந்த சர்வே எண்ணின் வில்லங்கச் சான்று, இந்த மூன்றும் வேண்டும். இடம் யார் பெயரில் இருக்கிறது, விற்கப்பட்டதா என்பது இதில் தெரியும்.

2. கேட்டுக் கொடுக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ஒரு விஷயம்: குழு பெயரில் கேட்டால் தள்ளிவிட வாய்ப்புண்டு. உறுப்பினர் தன் சொந்தப் பெயரில் கேளுங்கள்.

3. கிராம சபையில் எழுப்புங்கள். பேசினால் மட்டும் போதாது. தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நம் கையெழுத்தை வைத்தே நம் இடத்தை விற்றுவிடலாம்.

4. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

நம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் மீது புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே ஆள் பெயர் முன்னால் நின்றால் அந்த ஆள் மேல்தான் குறி விழும். ஆகவே ஐந்து பேர் ஐந்து மனுப் போடுங்கள். போகும்போது கூட்டமாய்ப் போங்கள். எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் கூட்டமைப்பில் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்து மூலம் போலீசில் கொடுங்கள்.

நமக்கு இது புதுசும் இல்லை. 1990-களில் இதே மாவட்டத்தில், குடுமியான்மலைப் பக்கம் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். காண்ட்ராக்டர்கள் எதிர்ப்பைத் தாண்டித்தான் செய்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர்ல பொது இடம் எதெல்லாம்? அது இப்ப எப்படி இருக்கு?" பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அந்த உறுப்பினரின் ஊருக்கு நாங்களும் திரும்பப் போகிறோம், இந்தத் தடவை வரைபடத்தோடு.