எல்லைப்புறத்தில் குழந்தைப் பொறுப்பு வழக்குகள்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாநிலம் மாறிவிடும். வாளையாற்றிலோ சோதனைச் சாவடியைக் கடந்தால் போதும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் இக்கோட்டைப் பொருட்படுத்தாமல் பெண் கொடுத்தும் எடுத்தும் வந்துள்ளன. கணவன் மனைவி பிரிந்து, குழந்தை யாரிடம் வளர்வது என்ற கேள்வி எழும்போதுதான் அக்கோடு கண்ணுக்குப் புலப்படுகிறது. 2020 மார்ச்சு இறுதியில் கொரோனா தடுப்புக்காகப் போக்குவரத்தும், மிக அவசரமானவை நீங்கலாக நீதிமன்றப் பணிகளும் ஒருசேர நின்றபோது அதன் முழுப் பொருளும் விளங்கிற்று.

1890ஆம் ஆண்டின் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும். தாய் கம்பத்திலும், குழந்தை தந்தையுடன் வண்டிப்பெரியாற்றிலும் இருப்பதாகக் கொள்வோம். தாய் கேரளத்து நீதிமன்றத்தையே நாட வேண்டும். வழக்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கோ உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டும். முடக்கத்தின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பயண அனுமதிச் சீட்டு வழங்கப்பட்ட காரணங்கள் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவையே. வாரம் ஒருமுறை பிள்ளையைக் காணலாம் என்ற நீதிமன்ற ஆணை இம்மூன்றனுள் எதிலும் அடங்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சு 23 அன்று தானாகவே முன்வந்து, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பை மார்ச்சு 15 முதல் நீட்டித்தது. இறுதியில் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலம் முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. கடன் வழக்குகளுக்கும் மேல்முறையீடுகளுக்கும் இது பெரும் நிவாரணமாகும். குழந்தைப் பொறுப்பு வழக்குக்கு இதனால் பயன் சிறிதே. ஏனெனில் இங்கே தாமதமே தீர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்துக் குழந்தைகளைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். முடக்கம் தொடங்கியபோது மூன்றரை வயதாயிருந்த குழந்தைக்கு 2021 செப்டம்பரில் ஐந்து நிரம்பிவிட்டது. அதற்குள் புதிய வீடும் பள்ளியும் பழகிப்போயின. குழந்தையின் நலனே முதன்மை என்னும் விதிப்படி, பழகிய சூழலைக் கலைக்க நீதிபதி தயங்குவது இயல்பு. குழந்தையைக் கையில் வைத்திருந்தவருக்குக் காத்திருப்பு ஆதாயம். மற்றவருக்கு அதே காத்திருப்பு இழப்பு. பொருளியல் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

காணொலி விசாரணை இக்குறையைத் தீர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குப் பொதுவாக வழிவகுத்தது. ஆனால் குடும்ப வழக்குகளில் ஒரு தடை முன்பே இருந்தது. சாந்தினி எதிர் விஜய வெங்கடேஷ் வழக்கில், 2017 அக்டோபரில், சமரச முயற்சி தோல்வியுற்ற பின்னர் இரு தரப்பும் இசைந்தால் மட்டுமே காணொலியை அனுமதிக்கலாம் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியிருந்தது. தனியறை விசாரணையின் அந்தரங்கம் கெடும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. நீதியரசர் சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். பெருந்தொற்றை முன்னிட்டு இத்தடையை 2021 சனவரியில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே தளர்த்தியது. அதற்குள் பத்து மாதங்கள் கடந்திருந்தன.

தடையின் நியாயத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி தம் அறையில் தனியே கேட்டறிவது வழக்கம். திரையில் தோன்றும் பிள்ளையின் எதிரே, படக்கருவிக்குப் பின்னால், யார் நின்று சைகை காட்டுகிறார் என்பதை எவ்வாறு அறிவது? தேயிலைத் தோட்டங்களில் கைபேசி அலை எட்டாத இடங்கள் இருப்பது வேறு சிக்கல்.

பார்க்கும் உரிமையில் மட்டும் ஓரளவு வழி பிறந்தது. யஷிதா சாஹு வழக்கில், முடக்கத்திற்கு இரண்டே மாதங்கள் முன்னர், நேரில் சந்திப்பதோடு தொலைபேசி, காணொலி வாயிலாகப் பேசுவதும் குழந்தைக்குரிய உரிமை என உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2020 ஏப்ரல் இறுதியிலும், முடக்கக் காலத்தில் பெற்றோர் தமக்குள் இசைந்து மின்னணுத் தொடர்பை ஏற்கலாம் என்று யோசனை தெரிவித்தது. இசைவு இல்லாதவர்கள் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டியிருந்தது.

கேரளத்தில் நீதிமன்றக் காணொலி இணைப்புக்கான விதிகள் 2021இல் வெளிவந்தன. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, இறுதி விசாரணைக்கு முன்பே குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு குறித்து ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தொடக்கத்திலிருந்தே அளித்து வருகிறது. அடுத்த முடக்கத்திற்கான அவசர வழக்குப் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர்கள், பிணை மனுக்களுக்கு அடுத்த வரியில் இப்பிரிவின் மனுக்களையும் எழுதிக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டுப் படிவத்தில் நான்காவதாக ஒரு காரணத்தைச் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.